நகர நெரிசலுக்கு ‘பேசும் வாகனங்கள்’ தீர்வாகுமா? இணைப்பு வாகனத் தொழில்நுட்பம் செயல்படும் விதமும் இந்தியச் சாலைகளின் சவால்களும்

இந்தியப் பெருநகரங்களில் வாகனங்கள் நகரும் வேகம் உலகிலேயே மிகக் குறைந்த வேகங்களின் வரிசையில் இடம்பெற்று வருகிறது. நெதர்லாந்தைத் தலைமையிடமாகக் கொண்ட டாம்டாம் நிறுவனத்தின் 2024-ஆம் ஆண்டுக்கான போக்குவரத்துக் குறியீட்டின்படி, 10 கிலோமீட்டர் தொலைவைக் கடக்க கொல்கத்தாவில் சராசரியாக 34 நிமிடம் 33 வினாடிகளும், பெங்களூருவில் 34 நிமிடம் 10 வினாடிகளும், புனேயில் 33 நிமிடம் 22 வினாடிகளும் தேவைப்பட்டன. மணிக்கு 18 கிலோமீட்டர் அல்லது அதற்கும் குறைவான வேகம் இது.

புதிய சாலைகளும் மேம்பாலங்களும் மட்டுமே இந்த நிலையை மாற்றிவிடாது என்பதை அனுபவம் உணர்த்தியிருக்கிறது. நெருக்கமான நகர்ப் பகுதிகளில் நிலம் கையகப்படுத்துவதும் எளிதன்று. எனவே, ஏற்கெனவே இருக்கும் சாலையைத் திறம்படப் பயன்படுத்தும் வழிகளில் அரசுகளின் கவனம் திரும்பியுள்ளது. அவற்றுள் முக்கியமானது, வாகனங்கள் தமக்குள்ளும், சிக்னல்களோடும், கட்டுப்பாட்டு மையங்களோடும் தகவல் பரிமாறிக்கொள்ளும் ‘இணைப்பு வாகனத் தொழில்நுட்பம்’. இது எவ்வாறு செயல்படுகிறது, இந்தியச் சாலைகளுக்கு எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஏற்கெனவே அறிமுகமான தொழில்நுட்பம்

இணைப்பு வாகனம் என்றதும் ஓட்டுநரில்லாத கார்கள் நினைவுக்கு வரலாம். ஆனால், அதன் எளிய வடிவம் ஒன்று இந்திய வாகனங்களின் முகப்புக் கண்ணாடியில் பல ஆண்டுகளாக ஒட்டப்பட்டிருக்கிறது. 2021 பிப்ரவரி முதல் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் கட்டாயமாக்கப்பட்ட ஃபாஸ்டேக் வில்லை, வானொலி அலை மூலம் வாகனத்தைச் சாலையோரக் கருவிக்கு அடையாளம் காட்டுகிறது. 2018-19-இல் சுங்கச்சாவடியில் ஒரு வாகனம் சராசரியாக 8 நிமிடங்கள் காத்திருந்தது. ஃபாஸ்டேக் பரவலான பின்னர் இந்த நேரம் 47 வினாடிகளாகக் குறைந்தது என மத்திய அரசு தெரிவித்துள்ளது. சாலையை ஓர் அடிகூட அகலப்படுத்தாமல், தகவல் பரிமாற்றத்தால் மட்டும் கிடைத்த பலன் இது.

இதன் அடுத்த கட்டமே முழுமையான இணைப்பு வாகனம். அதில் பொருத்தப்படும் கருவி, வாகனத்தின் இருப்பிடம், வேகம், செல்லும் திசை, பிரேக் அழுத்தப்பட்டுள்ளதா என்ற விவரம் ஆகியவற்றைச் சிறு செய்தியாகத் தொகுத்து, வினாடிக்குச் சுமார் 10 முறை சுற்றுப்புறத்துக்கு ஒலிபரப்பும். சில நூறு மீட்டர் சுற்றளவில் உள்ள மற்ற வாகனங்களும் சிக்னல் கம்பங்களில் உள்ள கருவிகளும் அதைப் பெற்றுக்கொள்ளும். வாகனத்துக்கும் வாகனத்துக்கும், வாகனத்துக்கும் சாலைக் கட்டமைப்புக்கும், வாகனத்துக்கும் பாதசாரிக்கும், வாகனத்துக்கும் கைப்பேசி வலையமைப்புக்கும் எனப் பரிமாற்றம் நான்கு வகைப்படும். இவை அனைத்தையும் குறிக்கும் பொதுப்பெயரே ‘வி-டூ-எக்ஸ்’.

இந்த எண்ணம் புதியதும் அன்று. ஜப்பானில் 1996-ஆம் ஆண்டே, பண்பலை ஒலிபரப்பு வழியாகவும் சாலையோரக் கருவிகள் வழியாகவும் நெரிசல் விவரங்களைக் காரின் வரைபடத் திரைக்கு அனுப்பும் ‘விக்ஸ்’ சேவை நடைமுறைக்கு வந்துவிட்டது.

காரணமின்றிப் பிறக்கும் நெரிசல்

இத்தொழில்நுட்பம் எங்கே உதவும் என்பதை அறிய, நெரிசல் எவ்வாறு உருவாகிறது என்பதை அறிவது அவசியம். விபத்தோ, பள்ளமோ, குறுகிய பாலமோ இல்லாத இடத்திலும் போக்குவரத்து திடீரென முடங்குவதுண்டு. ஜப்பானிய ஆய்வாளர்கள் 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களைச் சீரான வேகத்தில் ஓட்டச் செய்து இதைச் சோதித்தனர். தடை எதுவும் இல்லாத அந்தப் பாதையிலும் சிறிது நேரத்தில் நெரிசல் உருவானது. ஓர் ஓட்டுநர் சற்றே வேகத்தைக் குறைக்க, பின்னால் வருபவர் அதைவிடச் சற்றுக் கூடுதலாகக் குறைக்க, அந்த அலை பின்னோக்கிப் பரவிக் கடைசியில் ஒரு கார் முழுவதுமாக நின்றுவிடுகிறது. 2008-இல் இந்தச் சோதனையின் முடிவுகள் வெளியாயின.

பின்னர் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் இதே போன்ற வட்டப் பாதையில், சுமார் 20 கார்களுக்கு நடுவே வேகத்தைத் தானாகச் சீர்படுத்தும் ஒரேயொரு கார் விடப்பட்டது. அந்த ஒற்றைக் கார் நிற்பதும் கிளம்பும்போது பாய்வதுமாக இல்லாமல் நிதானமாகச் சென்றதால், நெரிசல் அலை அடங்கியது. முன்னால் என்ன நடக்கிறது என்பது முன்கூட்டியே தெரிந்தால் மொத்தப் போக்குவரத்தும் சீராகும் என்பதே இச்சோதனைகள் உணர்த்தும் கருத்து. முன்னால் உள்ள பத்தாவது வாகனம் பிரேக் பிடித்ததை மனிதக் கண்ணால் காண இயலாது. வாகனத்தில் உள்ள கருவி அதை அறிந்துகொள்ளும்.

ஐந்து வினாடியின் மதிப்பு

இருப்பினும், நகர்ச் சாலையில் நெரிசலின் பிறப்பிடம் பெரும்பாலும் சிக்னல் சந்திப்புதான். ஓர் எளிய கணக்கு இதை விளக்கும். பச்சை விளக்கு எரியும்போது ஒரு தடத்தில் ஏறக்குறைய 2 வினாடிக்கு ஒரு கார் வீதம் சந்திப்பைக் கடக்கும். மொத்தச் சுற்று 120 வினாடிகள், அதில் ஒரு சாலைக்குப் பச்சை 30 வினாடிகள் எனக் கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 30 சுற்றுகள். சுற்றுக்கு 15 கார்கள். ஆக, 450 கார்கள் கடக்கும். அந்தத் தடத்துக்கு மணிக்கு 500 கார்கள் வந்தால், ஒவ்வொரு மணி நேரமும் 50 கார்கள் தேங்கும். இரண்டு மணி நேரத்தில் 100 கார்கள். ஏறத்தாழ 600 மீட்டர் நீள வரிசை. அது முந்தைய சந்திப்பையும் அடைத்துவிடக்கூடும்.

அதே நேரத்தில், குறுக்குச் சாலையில் வாகனமே இல்லாமல் பச்சை விளக்கு வீணாக எரிந்துகொண்டிருக்கலாம். அதிலிருந்து 5 வினாடிகளை எடுத்து நெரிசலான சாலைக்கு வழங்கினால், கடக்கும் கார்களின் எண்ணிக்கை மணிக்கு 525 ஆக உயரும். தேக்கமே உருவாகாது. முன்கூட்டியே நிர்ணயித்த நேரப்படி இயங்கும் சிக்னலுக்கு இந்த வேறுபாடு தெரியாது. எந்தச் சாலையில் எத்தனை வாகனங்கள் வருகின்றன என்ற தகவல் கிடைத்தால்தான் அந்த 5 வினாடிகளை இடம் மாற்ற முடியும்.

பெங்களூருவின் முயற்சிகள்

பதிவு செய்யப்பட்ட வாகனங்களின் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டிவிட்ட பெங்களூருவில் இத்தகைய முயற்சிகள் பல நடைபெற்று வருகின்றன. வாகன வரத்துக்கேற்பத் தாமாக நேரத்தை மாற்றிக்கொள்ளும் சிக்னல்கள் அவற்றுள் ஒன்று. மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் திருவனந்தபுரம் மையம் உருவாக்கிய ‘கோசிகோஸ்ட்’ என்ற மென்பொருள் இதன் அடிப்படை. தட ஒழுங்கு குறைவான, பல வகை வாகனங்கள் கலந்து செல்லும் இந்தியச் சாலைகளை மனத்தில் கொண்டு உருவாக்கப்பட்டது என்பது இதன் சிறப்பு. 165 சந்திப்புகளை இலக்காகக் கொண்ட இத்திட்டம் 2024 முதல் செயல்பாட்டுக்கு வரத் தொடங்கியது. கேமராக்கள் வாகன வரிசையைக் கணக்கிட, அதற்கேற்பப் பச்சை விளக்கின் நேரம் நீள்கிறது அல்லது குறைகிறது. அடுத்தடுத்த சந்திப்புகளை ஒருங்கிணைத்து, ஒரு பச்சையில் கிளம்பும் வாகனங்கள் அடுத்த சந்திப்பிலும் பச்சையையே காணும்படி செய்வதும் இதன் நோக்கம்.

மற்றொரு முயற்சி, கருவி எதையும் புதிதாக நிறுவாமல் கைப்பேசித் தரவைப் பயன்படுத்துவது. வழிகாட்டிச் செயலியைத் திறந்து வைத்திருக்கும் ஒவ்வொரு கைப்பேசியும் நடைமுறையில் அந்த வாகனத்தை ஓர் இணைப்பு வாகனமாக்கிவிடுகிறது. இவ்வாறு திரளும் தரவைக் கொண்டு, எந்தச் சிக்னலில் எத்தனை வாகனங்கள் தேவையின்றி நிற்கின்றன என்பதைக் கணித்து, நேரத்தை மாற்றுமாறு நகரப் பொறியாளர்களுக்குப் பரிந்துரைக்கிறது கூகுள் நிறுவனத்தின் ‘கிரீன் லைட்’ திட்டம். மாற்றுவதா, வேண்டாமா என்ற முடிவு பொறியாளர்களுடையது. 2023 அக்டோபர் நிலவரப்படி உலகின் 12 நகரங்களில் 70 சந்திப்புகளில் செயல்பட்ட இத்திட்டத்தில் பெங்களூரு, ஐதராபாத், கொல்கத்தா ஆகியவையும் அடங்கும். சந்திப்புகளில் வாகனங்கள் நிற்பதை 30 சதவீதம் வரையும், வெளியேறும் புகையை 10 சதவீதம் வரையும் குறைக்க வாய்ப்புள்ளதாக அந்நிறுவனம் தனது தொடக்கக் கட்ட மதிப்பீட்டில் தெரிவித்தது.

பெங்களூரு போக்குவரத்துக் காவல் துறையின் ‘அஸ்த்ரம்’ தளமும் 2024 முதல் நெரிசல், விபத்து, வாகனப் பழுது பற்றிய விவரங்களை ஒரே இடத்தில் திரட்டி வருகிறது.

யாருக்கு முதல் பச்சை?

வாகனத்தின் வருகையைச் சிக்னல் முன்கூட்டியே அறியும்போது ஒரு முக்கியக் கேள்வி எழுகிறது. யாருக்கு முன்னுரிமை அளிப்பது? ஆம்புலன்ஸ் விஷயத்தில் இதற்குக் கருத்து வேறுபாடு இல்லை. உறுப்பு மாற்று அறுவைச் சிகிச்சைகளுக்காகக் காவலர்களை வழிநெடுக நிறுத்திப் பசுமை வழித்தடம் அமைப்பது பல நகரங்களில் வழக்கமாகியுள்ளது. ஆனால், மாரடைப்பு ஏற்பட்ட ஒவ்வொரு நோயாளிக்கும் அத்தகைய ஏற்பாட்டைச் செய்ய இயலாது. ஆம்புலன்ஸின் இருப்பிடத்தைச் சிக்னல் அமைப்பு தானாக அறிந்து, அது வந்து சேரும் முன்பே முன்னால் நிற்கும் வரிசையைக் கரைத்துவிட்டால், சிலருக்கு மட்டும் கிடைக்கும் வசதி எல்லோருக்கும் கிடைக்கும்.

பேருந்துகளுக்கும் இதே தர்க்கம் பொருந்தும். 60 பயணிகளுடன் வரும் ஒரு பேருந்து சில வினாடிகளில் சந்திப்பைக் கடந்துவிடும். காருக்கு சராசரியாக ஒன்றரைப் பேர் எனக் கொண்டால், அதே 60 பேர் 40 கார்களில் செல்ல வேண்டும். அவை ஒரே தடத்தில் கடக்க 80 வினாடிகள் பச்சை தேவை. எனவே, பேருந்து நெருங்கும்போது பச்சையைச் சில வினாடிகள் நீட்டிப்பது பெரும்பான்மையினருக்குப் பயன் தரும். வாகனங்களை எண்ணாமல் மனிதர்களை எண்ணும் சிக்னல் என இதைக் கூறலாம்.

இதற்கான அடித்தளம் இந்தியாவில் ஓரளவு ஏற்கெனவே உள்ளது. பயணிகள், குறிப்பாகப் பெண்களின் பாதுகாப்புக்காக, பொதுப் போக்குவரத்து வாகனங்களில் இருப்பிடம் காட்டும் கருவியும் அவசர உதவிப் பொத்தானும் பொருத்தப்பட வேண்டும் என மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2016-இல் திருத்தம் செய்யப்பட்டது. ஏஐஎஸ்-140 என்ற தரநிலையின்படி அமைந்த இக்கருவிகள், 2019 ஜனவரி முதல் பதிவாகும் புதிய வாகனங்களில் இடம்பெறுகின்றன. இருசக்கர, மூன்று சக்கர வாகனங்களுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. பேருந்து எங்கே வருகிறது என்பதைப் பயணியின் கைப்பேசிக்குச் சொல்லும் செயலிகள் பெங்களூரு, சென்னை, தில்லி உள்ளிட்ட நகரங்களில் உள்ளன. அதே தகவலைச் சிக்னலுக்கும் கொண்டு சேர்ப்பதே எஞ்சியிருக்கும் பணி. பேருந்துகளைப் போக்குவரத்துக் கழகமும், சிக்னல்களைக் காவல் துறையும், சாலைகளை மாநகராட்சியும் தனித்தனியே நிர்வகிக்கும் நகரங்களில், இது தொழில்நுட்பப் பணி என்பதைவிட நிர்வாக ஒருங்கிணைப்புப் பணி என்பதே பொருந்தும்.

பத்தில் ஒன்று என்றால் நூறில் ஒன்று

வாகனங்கள் நேரடியாகத் தமக்குள் பேசிக்கொள்ளும் வகைக்கு ஓர் அடிப்படைச் சிக்கல் உண்டு. இரு வாகனங்களிலும் கருவி இருந்தால்தான் உரையாடல் நிகழும். சாலையில் உள்ள வாகனங்களில் 10 சதவீதம் மட்டும் கருவி பெற்றிருந்தால், எதேச்சையாகச் சந்திக்கும் இரு வாகனங்களிலும் அது இருப்பதற்கான வாய்ப்பு 100-இல் ஒன்றுதான். 50 சதவீதத்தை எட்டினாலும் அந்த வாய்ப்பு நான்கில் ஒன்றே. முதலில் வாங்குவோருக்குப் பலன் மிகக் குறைவு என்பதால், சந்தை தானாக இதைப் பரப்பும் என எதிர்பார்க்க இயலாது. வாகனமும் சிக்னலும் பேசும் முறைக்கு இத்தடை இல்லை. கருவி பெற்ற முதல் பேருந்துக்கே பலன் தொடங்கிவிடும்.

இந்தியச் சாலைகளின் இயல்பு மற்றொரு சவால். நாட்டில் பதிவான வாகனங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இருசக்கர வாகனங்கள். சிவப்பு விளக்கில் கார்களுக்கு இடையே புகுந்து முன்வரிசைக்கு வந்துவிடும் அவை, தடத்தில் வரிசையாக நிற்கும் கார்களைக் கருதி எழுதப்பட்ட மேலைநாட்டுக் கணக்குகளுக்குள் அடங்குவதில்லை. கைப்பேசியின் இருப்பிடக் கணிப்பில் சில மீட்டர் பிழை இயல்பு. உயரமான கட்டடங்களுக்கு நடுவே அது கூடுதலாகும்; வாகனம் மேம்பாலத்தின் மேலே செல்கிறதா, கீழே செல்கிறதா என்பதைப் பிரித்தறிவதும் கடினம். இந்நிலைமைகளுக்கு ஏற்ற தீர்வுகளைச் சோதிக்க ஐதராபாத் ஐஐடி வளாகத்தில் ‘திகான்’ என்ற சோதனைக் களம் 2022 ஜூலையில் திறக்கப்பட்டது.

அலைவரிசையைத் தேர்ந்தெடுப்பதிலும் எச்சரிக்கை தேவை என்பதற்கு அமெரிக்கா உதாரணம். அங்கு 1999-இல் 5.9 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 75 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை வாகனத் தொடர்புக்கென ஒதுக்கப்பட்டது. இரு பத்தாண்டுகள் கடந்தும் அது போதிய அளவில் பயன்படுத்தப்படாததால், 2020-இல் 45 மெகாஹெர்ட்ஸ் வைஃபை போன்ற சேவைகளுக்கு மாற்றப்பட்டது. எஞ்சிய 30 மெகாஹெர்ட்ஸ், கைப்பேசித் தொழில்நுட்பத்தை அடிப்படையாகக் கொண்ட புதிய முறைக்கு ஒதுக்கப்பட்டது. பழைய முறையில் முதலீடு செய்த நகரங்கள் தங்கள் கருவிகளை மாற்ற வேண்டிய நிலை உருவானது.

தரவும் பாதுகாப்பும்

ஒருவர் தினமும் எங்கே கிளம்பி எங்கே செல்கிறார் என்ற விவரம் அவரது வாழ்க்கையையே வெளிப்படுத்திவிடும். வழிபாட்டுத் தலம், மருத்துவமனை, நண்பரின் வீடு என அனைத்தும் அதில் அடங்கும். இதனால், வெளிநாட்டுத் தரநிலைகளில் வாகனத்தின் அடையாளக் குறி குறிப்பிட்ட இடைவெளியில் மாறிக்கொண்டே இருக்கும்படி வடிவமைக்கப்பட்டுள்ளது. சிக்னலுக்கு வாகனம் ஒன்று வருகிறது எனத் தெரிந்தால் போதும். அது யாருடையது எனத் தெரிய வேண்டியதில்லை. இந்தியாவில் 2023-இல் இயற்றப்பட்ட எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் தரவு திரட்டுவோருக்குக் கடமைகளை வரையறுக்கிறது. எந்தத் தரவு, எவ்வளவு காலம், யாரிடம் இருக்கும் என்பதை நகர நிர்வாகங்கள் ஒப்பந்த நிலையிலேயே தெளிவுபடுத்துவது அவசியமாகிறது.

வலையமைப்பில் இணைந்த வாகனத்தைத் தொலைவிலிருந்து பிறர் கட்டுப்படுத்தும் அபாயமும் உண்டு. அமெரிக்காவில் 2015-இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள், ஓடிக்கொண்டிருந்த கார் ஒன்றின் இயக்கத்தில் இணைய வழியில் குறுக்கிட முடியும் என மெய்ப்பித்துக் காட்டியதைத் தொடர்ந்து, சுமார் 14 லட்சம் வாகனங்கள் திரும்பப் பெறப்பட்டன. போலியான ‘ஆம்புலன்ஸ்’ செய்தி அனுப்பிப் பச்சை பெறுவதைத் தடுக்க, ஒவ்வொரு செய்தியும் எண்மக் கையொப்பத்துடன் வர வேண்டும் என வல்லுநர்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

சாலை காலியானால் என்ன ஆகும்?

தொழில்நுட்பம் முழு வெற்றி பெற்றாலும் ஒரு கேள்வி எஞ்சும். பயண நேரம் குறைந்தால், இதுவரை மெட்ரோவிலும் பேருந்திலும் சென்றவர்களில் சிலர் காருக்கு மாறுவர். பயணத்தைத் தவிர்த்தவர்கள் மீண்டும் கிளம்புவர். காலியான இடம் மீண்டும் நிரம்பிவிடும். போக்குவரத்துப் பொருளியலில் இதைத் தூண்டப்பட்ட தேவை என்பர். வழிகாட்டிச் செயலிகள் முதன்மைச் சாலை நெரிசலைத் தவிர்க்கக் குடியிருப்புத் தெருக்கள் வழியே வாகனங்களைத் திருப்பிவிடுவதும் பல நகரங்களில் புகாராக எழுந்துள்ளது. ஓட்டுநருக்குக் கிடைக்கும் லாபம், தெருவில் விளையாடும் குழந்தைகளுக்கும் நடந்து செல்லும் முதியோருக்கும் இழப்பாகிவிடக்கூடும்.

இதனால், சில நகரங்கள் தொழில்நுட்பத்தோடு கட்டணத்தையும் இணைத்தன. சிங்கப்பூர் 1975 முதலே மையப் பகுதிக்குள் நுழையும் கார்களுக்குக் கட்டணம் வசூலித்து, 1998-இல் அதை மின்னணு முறைக்கு மாற்றியது. ஸ்டாக்ஹோம் 2006-இல் சோதனை அடிப்படையில் தொடங்கி 2007-இல் நிரந்தரமாக்கிய கட்டணம், எல்லைக்கோட்டைக் கடக்கும் வாகனங்களைச் சுமார் 20 சதவீதம் குறைத்தது. இந்திய நகரங்களில் அத்தகைய கட்டணத்துக்கு முன், போதுமான பேருந்துகளும் நடைபாதைகளும் மெட்ரோ நிலையங்களுக்கு இணைப்பு வசதிகளும் அமைய வேண்டும் என்பது பரவலான கருத்து.

மொத்தத்தில், இணைப்பு வாகனத் தொழில்நுட்பம் சாலையின் அகலத்தைக் கூட்டாது. வீணாகும் வினாடிகளை மீட்டுத் தரும். இந்தியச் சூழலில், எல்லாக் கார்களிலும் கருவி பொருத்தப்படும் நாளுக்காகக் காத்திருக்காமல், இருப்பிடக் கருவி ஏற்கெனவே உள்ள பேருந்துகளையும் ஆம்புலன்ஸ்களையும் சிக்னல்களோடு இணைப்பது உடனடியாகச் செய்யத்தக்க பணி. மீட்கப்படும் வினாடிகள் தனியாகக் காரில் செல்பவருக்குச் சேருமா, பேருந்தில் நின்றுகொண்டு பயணிக்கும் 60 பேருக்குச் சேருமா என்பதை மென்பொருள் தீர்மானிக்காது. அது நகர நிர்வாகங்களின் கொள்கை முடிவைப் பொறுத்தது.